மூன்று நாள்தானே

அமெரிக்காவில் கவுண்டி ஜெயில், அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி நடத்தும் ஜெயில், பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: “மூணு நாள்தானே, ஜாமீன் கட்டினா வெளிய வந்துடலாம்.” அந்தத் ‘தானே’ நெடுநாளாக உறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் ஆளை அடைத்து வைக்கும் மாநிலச் சிறையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், நாள்கணக்கில் அடைத்து வைக்கும் கவுண்டி ஜெயிலை ஏதோ பேருந்து நிலையக் காத்திருப்பு அறை போல நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் உள்ளூர் ஜெயில்களில் 1,200 பேர் இறந்தார்கள். 2000இல் தொடங்கிய கணக்கெடுப்பில் அதுவரை அந்த அளவுக்கு எந்த ஆண்டும் போனதில்லை. இறந்தவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் தற்கொலை செய்துகொண்டவர்கள். மாரடைப்பு உட்பட எந்த ஒரு நோயும் அவ்வளவு பேரைக் கொல்லவில்லை. போதைப்பொருளாலும் குடியாலும் இறந்தவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்து ஒரு நாளைக்கூடத் தாண்டவில்லை. ஆபத்து தண்டனைக் காலத்தின் நீளத்தில் இல்லை, அந்த மூன்று நாளுக்குள்தான் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள டெக்சஸ் வசதியான மாநிலம். 254 கவுண்டிகள். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப்தான் ஜெயிலுக்குப் பொறுப்பு. செலவுக்குப் பணம் கவுண்டியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. இவர்களையெல்லாம் மேற்பார்க்க 1975இல் ஒரு மாநில ஆணையத்தை ஏற்படுத்தினார்கள். எத்தனை பேருக்கு ஒரு காவலர், எத்தனை நிமிடத்துக்கு ஒரு சுற்று, எத்தனை மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அது எண்ணில் எழுதி வைத்திருக்கிறது. எண்ணில் எழுதியிருப்பதால் எது எங்கே அறுந்துபோகிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு சிறு குறிப்பு: நகரக் காவல்துறை வைத்திருக்கும் லாக்கப்புகள் இந்த ஆணையத்தின் கீழ் வராது. ‘ஜெயில்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

உள்ளே இருப்பவர்கள் யார்

நாடு முழுவதும் எந்த ஒரு நாளை எடுத்தாலும் உள்ளூர் ஜெயில்களில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஓராண்டில் அந்தக் கதவுக்குள் நடக்கும் நுழைவுகள் எழுபது லட்சத்தைத் தாண்டும். இருப்பவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்கள், நம் வழக்கில் சொன்னால் விசாரணைக் கைதிகள். சராசரித் தங்கல் சுமார் ஒரு மாதம். இந்தச் சராசரியை நம்பக் கூடாது. இரண்டாம் நாளே வெளியேறும் பெருங்கூட்டமும் இரண்டு வருடமாக விசாரணைக்குக் காத்திருக்கும் சிறுகூட்டமும் சேர்ந்துதான் அந்த ‘ஒரு மாதம்’ வருகிறது.

டெக்சஸில் ஒரே கட்டடத்துக்குள் இத்தனை வகைக் கைதிகள் இருப்பார்கள்: ஜாமீன் கட்ட முடியாத விசாரணைக் கைதிகள், ஓராண்டு வரையிலான சிறு குற்றத் தண்டனையை அங்கேயே கழிப்பவர்கள், பெருங்குற்றத்தில் தண்டனை உறுதியாகி, மாநிலச் சிறைக்குப் போகக் காகிதமெல்லாம் தயாரான பிறகும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் (மாநிலம் அவர்களை 45 நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம்), பரோல் விதியை மீறிப் பிடிபட்டவர்கள். இவர்களோடு, ‘வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை’ என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு மாநில மனநல மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் மாதக்கணக்கில், சிலர் ஓராண்டுக்கும் மேலாக, செல்லிலேயே இருக்கும் மனநோயாளிகளும் உண்டு. எந்த ஜெயிலரைக் கேட்டாலும் மிகக் கடினமானவர்கள் என்று இந்தக் கடைசி வகையினரைத்தான் சொல்வார். குற்றம் சிறியதாக இருக்கும். மருத்துவமனைக்கு அனுப்ப முடியாது, விடுவிக்கவும் முடியாது.

கவுண்டரில் நடப்பது

காவல்துறை வண்டி இரட்டைக் கதவு கொண்ட கொட்டகைக்குள் நுழைகிறது. ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். காவலர் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஆளை ஒப்படைக்கிறார். முதல் முடிவை ஜெயில் எடுக்க வேண்டியது இங்கேதான்: இந்த ஆளை ஏற்பதா, முதலில் மருத்துவமனைக்கு அனுப்புவதா? தலையில் காயம், நெஞ்சுவலி, நிற்க முடியாத போதை என்றால் மருத்துவமனைச் சீட்டு இல்லாமல் ஏற்கக் கூடாது. ஏற்றுக்கொண்டுவிட்டால் அதன்பின் நடப்பதற்கெல்லாம் ஷெரிஃப்தான் பொறுப்பு. காவலருக்கு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் உட்கார விருப்பமிருக்காது. கவுண்டரில் இருப்பவருக்கு வாக்குவாதம் செய்யத் தெம்பிருக்காது. தவறுகளில் பாதி இந்த ஐந்து நிமிடத்தில் பிறக்கின்றன.

அடுத்து உடைமைகளை எண்ணி, எழுதி, கையெழுத்து வாங்கி, பையில் போட்டு முத்திரையிடுவார்கள். பணம், ஜெயிலுக்குள் இருக்கும் கடையான கமிசரியில் அவர் பெயரிலுள்ள கணக்குக்குப் போய்விடும். விரல்ரேகை, புகைப்படம், வேறு வாரண்ட் உண்டா என்ற தேடல். ஜெயிலுக்கு வந்த நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு தொலைபேசி அழைப்புகளாவது பேசி முடிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது டெக்சஸ் விதி. விதி நல்ல விதிதான். ஆனால் எண்கள் எல்லாம் கைப்பேசிக்குள், கைப்பேசி முத்திரையிட்ட பைக்குள். மனைவியின் எண்ணையே மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத காலம் இது. பையை மூடுமுன் நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள விடும் ஜெயிலர் செய்வது பெரிய உபகாரம். அது எந்த விதியிலும் இல்லை. நினைவுள்ளவர்கள் கேட்டுப் பெறலாம்.

இடையில் ஒன்று. கைதானவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியர் வாய்திறந்து கேட்டால்தான் ஹூஸ்டனில் உள்ள துணைத் தூதரகத்துக்குச் செய்தி போகும்.

இதற்கெல்லாம் நடுவில்தான் நான் சொல்லவந்த காகிதம் வருகிறது. தற்கொலை எண்ணம், உடல்நோய், மனநோய், வளர்ச்சிக் குறைபாடு இவற்றைக் கண்டறியும் படிவம். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் உடனே கேட்டு நிரப்ப வேண்டும். எப்போதாவது தற்கொலைக்கு முயன்றதுண்டா? இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா? மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? தலையில் அடிபட்டதுண்டா? பெண்ணென்றால், கர்ப்பமா? ஒரு பகுதி கைதி சொல்வது, இன்னொரு பகுதி ஜெயிலர் கண்ணால் பார்ப்பது. கேட்பவர் மருத்துவரல்ல, பெரும்பாலும் நர்ஸ்கூட அல்ல. பதினெட்டு வயது நிரம்பி, பள்ளிப் படிப்பு முடித்து, ஜெயிலர் உரிமம் வாங்கிய ஒருவர். இரவு ஷிப்ட். பின்னால் இன்னும் ஆறு பேர் நிற்கிறார்கள்.

உடல் காத்திருக்காது

நாள்தோறும் குடிப்பவருக்குக் கடைசி மடக்குக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம் தொடங்கலாம். உயிருக்கு ஆபத்தான பிதற்றல் நிலை பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வரும். அதாவது, கவுண்டரில் தெளிவாகப் பதில் சொல்லி, முதல் நாள் சாப்பிட்டுத் தூங்கிய ஆள் மூன்றாம் நாள் சுவரோடு பேச ஆரம்பிப்பார். வேர்த்துக் கொட்டும், காய்ச்சல் அடிக்கும், இல்லாத பூச்சிகளைத் தட்டிவிடுவார். விவரம் தெரியாத காவலருக்கு அது ‘பைத்தியக்கார ரகளை’யாகத் தெரியும், தனிச் செல்லில் தள்ளிக் கதவைச் சாத்துவார். குடி நிறுத்தத்தால் சாவு நேர்வது இப்படித்தான். ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்களை நிறுத்துவது அந்த அளவுக்கு நேரடியாகக் கொல்லாது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நாள்கணக்கில் வாந்தியும் பேதியும் போகிறவருக்கு நீரும் உப்பும் ஏற்றாவிட்டால் உடல் வற்றி இறக்கிறார்கள். இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எப்போது கடைசியாகக் குடித்தார் என்ற நேரம், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் நடுக்கமும் பார்த்து மதிப்பெண் போட ஒரு நர்ஸ், மதிப்பெண் ஏறினால் கொடுக்க மாத்திரை. சிறு கவுண்டிகளில் இல்லாதது அந்த நர்ஸ்தான். பகலில் வருவார், இரவிலும் வாரக்கடைசியிலும் தொலைபேசியில் இருப்பார்.

மாத்திரை இன்னொரு சிக்கல். வீட்டிலிருந்து எடுத்து வரும் புட்டியை ஜெயில் அப்படியே கொடுக்காது. உள்ளே இருப்பது அதுதானா என்று மருந்துக் கடையை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு கைதானால் மருத்துவர் அலுவலகம் திங்கட்கிழமைதான் போனை எடுக்கும். இன்சுலின் சார்ந்திருக்கும் நீரிழிவுக்காரருக்கு அந்த இடைவெளி உயிரை எடுக்கும். வலிப்பு மாத்திரைக்கும் இதே கதை. மனநல மாத்திரை நின்றால் விளைவு சற்றுத் தாமதமாக வரும். பணத்தின் பக்கமும் கோணல்தான். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீடு 1965இல் தொடங்கிய நாளிலிருந்தே சிறைக்குள் இருப்பவரின் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. தண்டனை பெறாதவருக்கும் அதே கதிதான். மாத்திரைச் செலவு கவுண்டியின் தலையில். நர்ஸைப் பார்க்கக் கைதியின் கணக்கில் கட்டணம் பிடிக்கும் கவுண்டிகள் பல. பணமில்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதும் சட்டம்தான், ஆனால் கட்டணம் என்றதும் பலர் கேட்பதையே விட்டுவிடுகிறார்கள்.

டெக்சஸின் வாலர் கவுண்டி, ஜூலை 2015

சாண்ட்ரா ப்ளாண்ட் என்ற கறுப்பினப் பெண்ணின் பெயர் அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலும் சாலையோரக் கைதுக்காக. எனக்கு அந்த வழக்கில் முக்கியம் ஜெயிலுக்குள் இருந்த காகிதங்கள். 2015 ஜூலை 10, வெள்ளிக்கிழமை, பாதை மாற்றும்போது சைகை விளக்குப் போடவில்லை என்று நிறுத்தப்பட்டு, வாக்குவாதம் முற்றிக் கைதானார். இல்லினாய் மாநிலத்திலிருந்து புது வேலைக்காக வந்தவர். ஜாமீன் 5,000 டாலர். ஜாமீன் முகவர்கள் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மீதிக்குப் பொறுப்பேற்பார்கள்; ஆக வெளியே வரத் தேவைப்பட்டது சுமார் 500 டாலர். திங்கட்கிழமை, 13ஆம் தேதி காலை, செல்லில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று மருத்துவ ஆய்வு சொன்னது. மூன்று நாள்தான்.

பிறகு வெளியான படிவங்களில் முன்பு தற்கொலைக்கு முயன்றதாக ஒரு பதில் இருந்தது. இன்னொரு தாளில் பதில்கள் அதற்கு முரணாக இருந்தன. அவரைத் தற்கொலைக் கண்காணிப்பில் வைக்கவில்லை. ஆணையம் இரண்டு விதிமீறல்களைச் சுட்டியது: ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நேருக்கு நேர் பார்க்கும் சுற்று தவறியிருந்தது, ஜெயிலர்கள் தேவையான மனநலப் பயிற்சி பெற்றதற்குச் சான்று இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் படிவம் திருத்தி எழுதப்பட்டது. 2016இல் குடும்பத்துடன் 19 லட்சம் டாலருக்கு உடன்பாடு. 2017இல் அவர் பெயரிலேயே ஒரு சட்டம்: ஜெயிலர்களுக்கு எட்டு மணி நேர மனநலப் பயிற்சி, இருபத்துநான்கு மணி நேரமும் தொலைவழியிலாவது மனநல வல்லுநர், சாவுகளை வெளி அமைப்பு விசாரிப்பது, ஆபத்தில் இருப்பவர்களின் செல்களில் சுற்று நடந்ததைக் காட்ட மின்னணுக் கருவியோ கேமராவோ. கைதிக்கு மனநோய் இருக்கலாம் என்று நம்பத்தகுந்த தகவல் கிடைத்தால் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல முன்பு 72 மணி நேரம் அவகாசம் இருந்தது. அது 12 மணி நேரமானது.

எல்லாம் தேவையான மாற்றங்கள். ஆனால் படிவத்தைத் திருத்துவதால் தீராத ஒன்று இருக்கிறது. ‘ஆம்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? உடைகளைக் கழற்றச் சொல்வார்கள். கிழிக்க முடியாத தடித்த மெத்தை போன்ற ஓர் அங்கியைக் கொடுப்பார்கள். வெற்றுச் செல், அணையாத விளக்கு, போர்வை கிடையாது, புத்தகம் கிடையாது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். துயரத்தில் இருப்பதாக ஒப்புக்கொண்டவருக்குக் கிடைப்பது, சட்டம் எதையும் தண்டனை என்று அழைக்காத இடத்தில், தண்டனை போலவே இருக்கும் ஒன்று. ஏற்கெனவே ஒருமுறை உள்ளே வந்தவர்களுக்கு இது தெரியும். அதனால் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’, ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கேட்பவரும் தலைநிமிராமல் ‘இல்லை’யை டிக் செய்துகொண்டே போவார். பின்னால் வரிசையில் நிற்பவன் காதில் விழும்படி “குரல் ஏதும் கேட்கிறதா?” என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? இந்தப் படிவத்தின் கூர்மையைக் கெடுப்பது கேள்விகள் அல்ல, உண்மை சொன்னவருக்கு நேர்வது. தனித் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேட்கும் ஜெயில்களிலும், கண்காணிப்பில் படிப்படியாக உடையையும் புத்தகத்தையும் திருப்பிக் கொடுக்கும் ஜெயில்களிலும் பதில்கள் மாறுகின்றன.

கைதியின் வாயை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்காக இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரின் பெயரையும் மாநில மனநல சேவைப் பதிவேட்டில் கணினி வழியே தேட வேண்டும். ‘சரியான பொருத்தம்’, ‘இருக்கலாம்’, ‘இல்லை’ என்று மூன்றில் ஒன்று வரும். முதல் இரண்டில் எது வந்தாலும் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். பொதுவான பெயரென்றால் ‘இருக்கலாம்’ கொட்டும், அதனாலேயே மதிப்பிழக்கும். தனியார் மருத்துவரிடம் போனவர் பதிவேட்டில் இருக்க மாட்டார். வேறு மாநிலத்தில் சிகிச்சை பெற்றவரும் இருக்க மாட்டார். இல்லினாயிலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றி அந்தத் தேடல் எதையும் சொல்லியிருக்காது.

48க்கு ஒருவர்

டெக்சஸ் விதிப்படி 48 கைதிகளுக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும். 49ஆவது ஆள் வந்தால் இரண்டாவது காவலர். பத்துப் பேர் இருக்கும் எந்தத் தளத்திலும் ஒருவராவது. எல்லோரையும் 60 நிமிடத்துக்குள் ஒருமுறை முகம் பார்க்க வேண்டும். தாக்கக்கூடியவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், மனநோயாளிகள், விசித்திரமாக நடந்துகொள்பவர்கள் இருக்கும் இடத்தில் 30 நிமிடம். கேட்கச் சுலபம். அதே காவலர்தான் சாப்பாட்டுத் தட்டு கொடுக்க வேண்டும், மருந்து வண்டியோடு நடக்க வேண்டும், வழக்கறிஞர் வந்தால் ஆளை அழைத்துப் போக வேண்டும், சண்டை வந்தால் ஓட வேண்டும். ஒருவர் விடுப்பு எடுத்தால் சுற்று சரியும். பழைய வழி, ஷிப்ட் முடிவில் பதிவேட்டை மொத்தமாக நிரப்புவது: 1:00, 1:30, 2:00 என்று அழகாக, இடைவெளி பிசகாமல். உண்மையான சுற்று ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆய்வாளர்கள் பதிவேட்டில் முதலில் சந்தேகப்படுவதே அந்த ஒழுங்கைத்தான்.

இப்போது கதவருகே ஓர் உலோகப் பொத்தான். காவலர் கையிலுள்ள குழலால் தொட்டால் நேரம் பதிவாகும். காவலர் அந்தக் கதவுவரை வந்தார் என்பதற்கு அது சாட்சி. உள்ளே பார்த்தாரா, போர்வைக்குக் கீழே மூச்சு இருந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. முகத்தைப் போர்வையால் மூடித் தூங்க விடாத ஜெயில்கள் இதனால்தான் அப்படிச் செய்கின்றன. கைதிகள் அதைக் கொடுமை என்கிறார்கள். அதுவும் உண்மைதான்.

ஆள் போதாதபோது ஷெரிஃப் செய்வது பகுதிகளை மூடிவிட்டு, வேறு ஜெயில்களில் வாடகைக்கு இடம் பிடித்துக் கைதிகளை அங்கே அனுப்புவது. ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி இப்படி லூசியானாவுக்கும் மிசிசிப்பிக்கும் அனுப்பியிருக்கிறது. அதன்பின் குடும்பம் பார்க்கப் போவதும் வழக்கறிஞர் பேசப் போவதும் வேறு மாநிலப் பயணம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடமாவது பார்வையாளர் நேரம் உண்டு என்ற விதிக்கு அந்தத் தூரத்தில் என்ன பொருள் என்று தெரியவில்லை. தொலைபேசிக் கட்டணத்துக்கு 2024இல் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் உச்சவரம்பு போட்டது: பெரிய ஜெயில்களில் நிமிடத்துக்கு 6 சென்ட், மிகச் சிறியவற்றில் 12. அடுத்த ஆண்டே அதன் அமலைத் தள்ளிப்போட்டார்கள்.

ஒருவர் உள்ளே போய்விட்டார், வெளியே குடும்பம் தவிக்கிறது என்றால் எல்லோரும் முதலில் ஜாமீன் முகவரைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய அழைப்பு ஒன்று உண்டு. ஜெயிலுக்கே போன் செய்து ஷிப்ட் மேற்பார்வையாளரைக் கேளுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, என்ன நோய், என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த மருந்துக் கடை, கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதுண்டா, இவற்றைச் சொல்லுங்கள். அவமானம் என்று கடைசிக் கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். கவுண்டரில் அவர் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பார். குடும்பம் சொல்வதையும் நம்பத்தகுந்த தகவலாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்துக்கொண்டால் 12 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்கும். கேட்டுக்கொண்டவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதையே ஃபேக்ஸிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். ஜாமீன் தொகை அறிவிக்கப்பட்டு, அது உங்களால் புரட்ட முடியாத தொகையாக இருந்தால், மறுபடியும் அழையுங்கள். படிவம் நிரப்பப்பட்டபோது அவருக்கு அந்தத் தொகை தெரியாது.